குற்றாலத்தில் கேட்ட ரோமாபுரிப் பாட்டு

தென்காசியில் இறங்க வேண்டிய நானும் என் மைனியும் செங்கோட்டையில் போய் இறங்கினோம். தூங்கிப்போனது நான்தான். கொழும்பிலிருந்து வந்த கப்பலில் ஒரு பொட்டுக் கண் மூடவில்லை. தூத்துக்குடியில் கரை ஏறிய பிறகும் காலுக்குக் கீழே தரை ஆடிக்கொண்டே இருந்தது. பாளையங்கோட்டையில் மைனியைக் கூட்டிக்கொண்டு ரயிலில் உட்கார்ந்ததும் அந்த ஆட்டமே தாலாட்டாகிவிட்டது.

மைனி என் அண்ணன் பெண்சாதி. அண்ணன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. என்னைவிட ஆறு வயது மூத்தவள். என்னைப் போல வாய் செத்தவள் அல்ல. அவள் விழித்துக்கொண்டுதான் இருந்தாளாம்.

"தென்காசி, தென்காசின்னு ஒருத்தன் கூவிக்கிட்டே போனான். நீ அசந்து தூங்குதியேன்னுதான் எழுப்பலட்டி" என்றாள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

செங்கோட்டை திருவாங்கூர் மகாராஜாவின் சீமை. இறங்கினதும் சுங்கச் சேவகர் மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். கடல் தாண்டி வந்தபோதுகூட யாரும் இவ்வளவு கிண்டவில்லை.

"ஆச்சி, புகையில உண்டோ?"

மைனியின் இடுப்பில் யாழ்ப்பாணப் புகையிலை ஒரு கட்டு இருந்தது. அவளுக்காக நான் கொண்டுவந்தது. மைனி நேராக நிமிர்ந்து, "இந்த வயசுல எனக்குப் புகையில ஒண்ணுதான் கொறச்சல். பெட்டியப் பாருங்கய்யா, நல்லாப் பாருங்க" என்று என் தகரப் பெட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். அவர் என் சேலைகளைத் தூக்கிப் பார்த்து, அடியில் இருந்த உறையை எடுத்தார்.

"இதெந்தா?"

"பாட்டுய்யா" என்றேன்.

"பாட்டுக்குச் சுங்கம் இல்ல. எடுத்து வையுங்க."

குற்றாலம் போகிற மாட்டு வண்டியில் ஏறினதும் மைனிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாட்டக் காட்டிப் புகையிலையக் கரை சேத்திட்டியேட்டி!" என்று என் தொடையில் அடித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பாட்டுக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அருளப்பன் என் ஒரே மகன். பன்னிரண்டு வயதில் பாளையங்கோட்டையில் சாமியார்கள் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம். அங்கேயிருந்து குருமடத்தில் சேர்ந்தான். மகன் சாமியாராகப் போகிறான் என்று கொழும்பில் எங்கள் தெரு முழுவதும் சொல்லி வைத்திருந்தார் அவன் அப்பா. ஏழாம் வருஷம் அங்கி இல்லாமல் வாசலில் வந்து நின்றான்.

லத்தீன்தான் காரணம் என்றார்கள். எங்களுக்கு லத்தீன் கோயில் பாஷை. பூசையில் சாமியார் அதில் சொல்ல, நாங்களும் அதிலேயே பதில் சொல்வோம். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. கடவுள் ஒருவரோடுதான் அந்தப் பாஷையில் பேசலாம் என்று நினைத்திருந்தேன். நம் ஆண்டவர் பிறப்பதற்கும் முந்தின ஆட்கள் அதே பாஷையில் மாட்டையும் உழவையும் பெண்ணையும் பாடி வைத்திருக்கிறார்களாம். என் மகன் ஜெபப் புத்தகத்துக்குள் அந்தப் பாட்டுப் புத்தகத்தை ஒளித்து வைத்துப் படித்திருக்கிறான்.

"இனி இந்தப் படிய மிதிக்காதே" என்றார் அவன் அப்பா. நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவிக்கொண்டே இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அவன் தென்காசியில் வாத்தியார் வேலை பார்த்தான், தமிழில் கவிதை எழுதினான் என்பதெல்லாம் கடிதத்தில் தெரிந்ததுதான். அவன் அப்பா இறந்ததும், வந்துவிடு ஐயா என்று நானே என் கையால் எழுதினேன். மார்பில் சளி, உடம்பு தேறட்டும் என்று பதில் வந்தது. பிறகு வேறொருவர் மூலம் அது காசநோய் என்று தெரிந்தது. நான் புறப்பட்டு வருகிறேன் என்று எழுதிப்போட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இந்தப் பாட்டு வந்தது. வேறு கடிதம் இல்லை.

பாட்டில் அவன் அம்மாவோடு பேசுகிறான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாயா, தேன்கூட்டுக்குப் புகை போட்டார்களா, ஆற்றங்கரைக் கல் இன்னும் வழுக்குகிறதா என்று கேட்கிறான். எங்கள் வீட்டில் மாடும் இல்லை, தேன்கூடும் இல்லை. கொழும்பில் நாங்கள் இருந்தது ஒரு கடைக்குப் பின்னால் இரண்டு அறை. காய்ச்சலில் எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். கடைசி இரண்டு வரிதான் எனக்குப் புரிந்தது.

மழைக்கு முன்னே தோணி ஏறாதே, அம்மா,
வாராதே, வாசலைத் திறந்து மட்டும் வை.

வராதே என்றான், நான் போகவில்லை. வாசலைத் திறந்து வை என்றான், அன்றிலிருந்து தாழ்ப்பாள் போடவில்லை. ஒருநாள் யாரோ உள்ளே வந்து குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்போதும் போடவில்லை. இரண்டு மாதம் கழித்துத் தந்தி வந்தது.

அப்புறம் இரண்டு வருஷம் நான் எங்கேயும் போகவில்லை. அப்பா மிதிக்காதே என்றதற்கு மகன் வராதே என்று திருப்பிச் சொல்லிவிட்டான் என்றுதான் மனதில் இருந்தது. போன தவக்காலத்தில் எங்கள் கோயிலுக்குப் புதிதாக வந்த இளம் சாமியாரிடம் அந்தத் தாளைக் காட்டினேன். அவர் இரண்டு வரி படித்ததும் முகம் மலர்ந்து, "இது பழைய லத்தீன் பாட்டு அல்லவா, பாட்டி! ஒரு ரோமாபுரிக் கவி தன் தாய்க்கு எழுதினது. உங்கள் மகன் அழகாகத் தமிழ்ப்படுத்தியிருக்கிறார்" என்றார். நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். எனக்குத் தலையில் கல் விழுந்த மாதிரி இருந்தது. அப்படியானால் வராதே என்றது யார்? எவனோ ஒரு ரோமாக்காரன் தன் தாயிடம் சொன்னதைக் கேட்டுக்கொண்டா நான் என் மகனைச் சாகவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன்?

அந்தச் சமயத்தில்தான் குற்றாலத்திலிருந்து சவரிமுத்து வாத்தியார் கடிதம் போட்டார். அருளப்பனைக் கடைசி வருஷம் தன் வீட்டில் வைத்திருந்தவர் அவர். குருமடத்தில் அவனுக்கு மூத்த மாணவராம். அவரும் பாதியில் வந்தவர். அவன் கவிதைகளைப் புத்தகமாகப் போட என் சம்மதம் வேண்டும் என்று எழுதியிருந்தார். அவருக்கு லத்தீன் தெரியும். நேரில் வருகிறேன் என்று பதில் எழுதினேன். இந்தத் தடவை வராதே என்று யாரும் சொல்லவில்லை.

வண்டி குற்றாலம் சேரும்போது சாரல் விழுந்துகொண்டிருந்தது. கொழும்பு மழை அடித்துக்கொண்டு பெய்யும், பிறகு விட்டுவிடும். இது பெய்கிறதா இல்லையா என்று தெரியாமலே சேலை நனைந்துவிடுகிறது. மலைக்குப் பாதிவரை மேகம் இறங்கி நின்றது.

வாத்தியார் வீட்டில் இல்லை. "வாசுதேவநல்லூருக்கு ஒரு கலியாணத்துக்குப் போயிருக்காவ. நாளன்னைக்கு வந்துருவாவ. நீங்க உள்ள வாங்க அம்மா" என்றாள் அவர் மனைவி செபஸ்தியம்மாள். நல்ல பெண். வெந்நீர் போட்டுக் கொடுத்தாள், கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். அவன் இருந்த அறை எது என்று நான் கேட்கவில்லை. அவளாகவே முற்றத்துக்கு அந்தப் பக்கம் கை காட்டினாள்.

"அந்த ரூம்தான். பயப்படாதீங்க, மூணு தடவ சுண்ணாம்பு அடிச்சாச்சு."

எனக்குப் பயம் இல்லை. எட்டிப் பார்த்தேன். நெல் மூட்டையும் ஒரு உடைந்த கட்டிலும் கிடந்தன. சுவர் வெள்ளைவெளேர் என்று இருந்தது. ஒரு கறை, ஒரு ஆணி, ஒரு எழுத்து இல்லை.

மறுநாள் சும்மா இருக்கச் சகிக்காமல் மைனி என்னை அருவிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். தலையில் அவ்வளவு பாரமாகத் தண்ணீர் விழும் என்று எனக்குத் தெரியாது. கடல் ஆளைத் தூக்கும். இது ஆளை அமுக்குகிறது. மூச்சு முட்டி வெளியே வந்தேன். மைனி மட்டும் உள்ளேயே நின்று, "ஏட்டி, முதுகக் காட்டிட்டு நில்லு! மொகத்தக் கொண்டு கொடுத்தா அறையத்தான் செய்யும்!" என்று கத்தினாள்.

பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்த ஒருத்தி என் பேச்சைக் கேட்டுவிட்டு, "எந்த ஊரு ஆச்சி?" என்றாள்.

"கொழும்பு."

"எம்மா! கொழும்புல இருந்து குளிக்கவா வந்திய?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவள் இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினாள். அவர்கள் எல்லோரும், குளிக்கிறதற்காகக் கடல் தாண்டி வந்த கிழவியை ஆசையோடு பார்த்தார்கள்.

திரும்பும்போது பசி. அருவிக்குப் போகிற சாலையில் கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. நடத்துகிறவள் ஒரு கனத்த அம்மாள். சொதி இருக்கிறது என்றாள். கொழும்பில் சொதி என்றால் இடியாப்பத்துக்கு ஊற்றுகிற தண்ணீரான தேங்காய்ப்பால்தான். இங்கே முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, இஞ்சி எல்லாம் போட்டு, விருந்துக்கு வைக்கிற மாதிரி வைத்திருந்தாள். பேர் ஒன்று, பண்டம் வேறு. நன்றாகத்தான் இருந்தது, எனக்கு இறங்கவில்லை.

சவரிமுத்து வாத்தியார் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்றதும் அந்த அம்மாள் அகப்பையோடு நின்றுவிட்டாள்.

"அங்கன ஒரு இருமல் வாத்தியார் இருந்தாருல்லா? பாவம் போயிட்டாரு. நல்ல மனுசன்தான், ஆனா சாதித் திமிரு உண்டு."

மைனி என் கையைப் பிடித்தாள். "எதவச்சு அப்படிச் சொல்லுதிய?" என்றாள்.

"பின்ன என்ன? எத்தன நாளு காப்பி குடிக்க வந்திருக்காரு. ஒரு நாளு உள்ள வந்து உக்காந்ததில்ல. மழைன்னாலும் ரோட்டுலதான் நிப்பாரு. தன் தம்ளர நீட்டுவாரு, தூக்கி ஊத்தணும். நம்ம பாத்திரம் அவரு பாத்திரத்துல படக்கூடாது. படுத மாதிரி இருந்தா வெடுக்குன்னு கைய இழுத்துக்குவாரு. நான் ஒருநா கேட்டே கேட்டுட்டேன், நாங்க என்ன அவ்வளவு எளக்காரமான்னு. சிரிச்சிட்டுப் போயிட்டாரு."

"அவனுக்குக் காசநோய்ம்மா. உங்க பாத்திரத்துல ஒட்டிரக் கூடாதுன்னு நின்னிருக்கான்" என்றாள் மைனி.

அந்த அம்மாள் அகப்பையைக் கீழே வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இவிய யாரு?" என்று கேட்டாள். மைனி சொன்னாள். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நாங்கள் கிளம்பும்போது வாழையிலையில் எதையோ சுற்றி மைனி கையில் வைத்து அழுத்தினாள். வீட்டில் பிரித்துப் பார்த்தால் நேந்திரங்காய் வறுவல்.

மூன்றாம் நாள் காலையில் வாத்தியார் வந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, காது ஓரம் நரை. என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். முகம் கழுவாமல், பயணத் துணியோடு அப்படியே உட்கார்ந்தார்.

நான் பாட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இது அவன் எழுதினதா, ரோமாக்காரன் எழுதினதா? அது ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும்யா" என்றேன். ஊரிலிருந்து வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் அது.

"யாரும்மா உங்ககிட்டச் சொன்னது?"

சொன்னேன்.

"அவரு சொன்னது சரிதான். ஆனா பாதிதான் சரி" என்றார். உள்ளே போய் ஒரு பழைய புத்தகமும் ஒரு நோட்டும் கொண்டுவந்தார். புத்தகத்தின் முதுகு கிழிந்து நூல் தொங்கியது.

முதலில் அவனைப் பற்றித்தான் பேசினார். லத்தீனிலும் நம்மைப் போலக் குறில், நெடில் உண்டாம். இங்கிலீஷில் அந்தக் கணக்கு கிடையாதாம். சாமியார் லத்தீன் பாட்டைச் சொல்லும்போது இவன் தொடையில் தாளம் போட்டு, அண்ணாச்சி, இது நம்ம அசை மாதிரி இருக்கே என்று ரகசியமாகச் சொன்னானாம்.

"அதுலயிருந்து பைத்தியம் பிடிச்ச மாதிரிதான். இங்க எல்லாரும் இங்கிலீஷ் படிச்சிட்டு நிலா, குயிலுன்னு எழுதிக்கிட்டு இருக்காங்க. இவன் அந்த ரோமாக்காரனப் படிச்சிட்டு எருக்குழியப் பாடுனான். அவங்க விதைக்குததயும் மாட்டுக்கு வர்ற நோவையும் தேனீயையும் பாடி வச்சிருக்காங்கம்மா. அதப் பாத்துட்டு இவன் வாசுதேவநல்லூர்ப் பக்கம் போயி, நாத்தங்கால்ல ஒரு மாசம் நின்னு பாத்து எழுதினான். தென்காசியில ஒரு சபையில வாசிச்சான். ஒரு புலவர் மூக்கப் பிடிச்சுக்கிட்டாரு, நாத்தம் அடிக்குதுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க."

"இவன் என்ன செய்தான்?" என்றேன்.

"நல்லா அடிக்கட்டும் ஐயா, எரு நாறுனாத்தான் நெல்லு வெளையும்னான்."

என் மகன் சபையில் எழுந்து நின்று பதில் சொன்னான் என்று கேட்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் வீட்டில் அவன் நிமிர்ந்து பேசினதை நான் பார்த்ததில்லை.

பிறகு வாத்தியார் புத்தகத்தைப் பிரித்தார். ஒரு விரலை லத்தீன் வரியிலும் ஒரு விரலை என் தாளிலும் வைத்துக்கொண்டு, வரிவரியாகச் சொன்னார். அந்த ரோமாக்காரன் ஒரு தீவில் பிறந்த குடியானவன் பிள்ளை. ராஜதானிக்குப் போய்க் கவியானான். அங்கே நோய்வாய்ப்பட்டுத் தீவில் இருக்கும் தாய்க்கு எழுதுகிறான்.

"மாட்டுக்குத் தண்ணி, இது அவன். தேன்கூடு, அவன். வழுக்குத கல்லு, அதுவும் அவன்தான்."

ஒவ்வொன்றையும் அவர் சொல்லச் சொல்ல, என்னிடமிருந்து யாரோ எடுத்து எடுத்து வைக்கிற மாதிரி இருந்தது. உன் கை மணக்கிற புட்டு என்று ஒரு வரி உண்டு. அந்த இடத்தில் மட்டும், "மூலத்துல ரொட்டி. இவன் புட்டுன்னு மாத்திருக்கான்" என்றார். மைனி, "பாத்தியா, ஒன் புட்டு ரோமாபுரிக்குப் போயிட்டு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

கடைசி இரண்டு வரிக்கு வந்தபோது அவர் விரல் நின்றது.

"அம்மா, ரோமாக் கவிங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. தனக்கு முந்தினவன் பாட்ட எடுப்பான். திருடுத மாதிரி மறைச்சு எடுக்க மாட்டான். எல்லாருக்கும் தெரியவே எடுப்பான். எல்லாத்தயும் அப்படியே வச்சிட்டு, ஒரே ஒரு இடத்த மட்டும் மாத்துவான். மூலம் தெரிஞ்சவன் படிச்சுக்கிட்டே வந்து அந்த இடத்துல திடுக்குன்னு நிப்பான். புதுக் கவி சொல்ல வந்தது அங்கனதான் இருக்கும். அருளப்பன் எப்பவும் அப்படித்தான் எழுதுவான்."

"இங்க எது அந்த இடம்?"

அவர் லத்தீன் வரியை முதலில் அந்தப் பாஷையிலேயே படித்தார். பிறகு தமிழில் சொன்னார்.

"மழைக்கு முன்ன தோணி ஏறு அம்மா. வா. வாசலச் சாத்திட்டு வா."

மழைத்தண்ணீர் ஓட்டிலிருந்து முற்றத்தில் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வாத்தியார் நோட்டைத் திருப்பிக் காட்டினார். அவன் கையெழுத்து. முதலில் ரோமாக்காரன் சொன்னபடியே 'வா' என்றுதான் எழுதியிருக்கிறான். அதை அடித்திருக்கிறான். மறுபடியும் 'வா' என்று எழுதி, மறுபடி அடித்திருக்கிறான். மூன்றாவது இடத்தில் 'வாராதே'. தோணி ஏறு என்பது ஏறாதே என்றும், வாசலைச் சாத்து என்பது திறந்து வை என்றும் அங்கேதான் ஆகியிருந்தன.

"நீங்க புறப்பட்டு வாரேன்னு எழுதின கடிதாசி வந்த அன்னைக்கு இத எடுத்தான். மூணு நாளு இந்த ரெண்டு வரியோடயே கெடந்தான். நான் சத்தம் போட்டேன், பெத்த தாய்டே, கூப்பிடுடான்னு. அம்மா வந்தா எம் பக்கத்துலதான் படுப்பா, எச்சியத் தொடைப்பா, சொன்னாக் கேக்க மாட்டா அண்ணாச்சின்னான். எங்க வீட்டுப் பிள்ளைங்களயே முற்றம் தாண்ட விடமாட்டான். தம்ளரச் சாம்பல் போட்டு அவனேதான் தேய்ப்பான், கடேசி வாரம் வரைக்கும்."

"எங்க மேல அவனுக்குக் கோவம் இல்லயா?" என்று கேட்டேன். அவன் அப்பா சொன்னதையும் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்ததையும் முதல் தடவையாக ஒரு அந்நியரிடம் சொன்னேன்.

வாத்தியார் உடனே இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக அவரை நான் மதிக்கிறேன். "அதப் பத்தி அவன் எங்கிட்டப் பேசுனதில்ல. கொஞ்சம் இருந்திருக்கும். இல்லேன்னா சாத்தின வாசலத் திறந்து வைன்னு எதுக்கு எழுதணும்?" என்றார்.

நான் எழுந்து அந்த வெள்ளை அறைக்குள் போய் நெல் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன். கூப்பிட்டதை எனக்குத் தெரியாத பாஷையில் வைத்துவிட்டு, வராதே என்பதை மட்டும் எனக்குத் தெரிந்த பாஷையில் அனுப்பியிருக்கிறான். எனக்கு லத்தீன் தெரிந்திருந்தால் அன்றைக்கே தோணி ஏறியிருப்பேன். எனக்குத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். செபஸ்தியம்மாள் வந்து கூப்பிட்டாள், மைனி வந்து கூப்பிட்டாள். மத்தியானம் வரை நான் எழுந்திருக்கவில்லை.

நான்காம் நாள் தென்காசி. வாத்தியாரும் கூட வந்தார். ஊர்க் கோபுரம் மொட்டையாக நின்றது. எப்போதோ இடி விழுந்தது என்று வண்டிக்காரர் சொன்னார். எங்கள் வேதக்காரர் கல்லறைத் தோட்டம் சின்னது, ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அவன் மேட்டில் ஒரு மரச் சிலுவை. பேர் எழுதின சாயம் பாதி கரைந்திருந்தது. மைனி முழங்கால் போட்டு ஜெபமாலை சொன்னாள். எனக்கு ஜெபம் வரவில்லை. புல்லைப் பிடுங்கினேன். ஈரமண்ணாக இருந்ததால் வேரோடு வந்தது. மேடு முழுவதையும் சுத்தம் செய்துவிட்டுத்தான் எழுந்தேன். இரண்டு வருஷத்தில் என் மகனுக்கு என் கையால் செய்தது அதுதான்.

ரயில் வர நேரம் இருந்தது. ஸ்டேஷன் பெஞ்சியில் வாத்தியார் ஒரு காகிதக் கட்டை எடுத்தார். பிழை பார்க்க அச்சகத்திலிருந்து வந்த புரூப். கடைசிப் பக்கத்தில் இந்தப் பாட்டு.

"உங்ககிட்டக் கேக்கணும்னுதான் வச்சிருக்கேன். நோட்டுல அவன் முதல்ல எழுதின 'வா'வும் இருக்கு. நீங்க சொன்னா ரெண்டு வரியயும் அது மாதிரியே போட்டுருதேன். யாரும் குத்தம் சொல்ல முடியாது, மூலத்துல அப்படித்தான் இருக்கு" என்று பென்சிலை நீட்டினார்.

மைனி குறுக்கே வந்தாள். "போடுட்டி. இத அழிச்சிட்டு வான்னு போடு. நாளைக்குப் படிக்குதவன் என்ன சொல்லுவான்? சாகுத பிள்ள பெத்தவள வராதேன்னு சொல்லிருக்கானே, அவ எப்படிப்பட்டவளோன்னு பேச மாட்டானா?"

பென்சிலை வாங்கிக்கொண்டேன். எழுத்துக் கூட்டி அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தேன். அச்சில் பார்க்கும்போது சின்னதாக இருந்தது. வா என்று எழுத எனக்குத் தெரியும், ஒரே எழுத்துத்தானே. கை அந்த இடம்வரை போயிற்று.

"பேசட்டும் மைனி" என்றேன். "மாடும் தேனும் கல்லும் ரோமாக்காரன் சொன்னது. வான்னதும் அவன் சொன்னதுதான். இந்த ஒண்ணுதான் எம் பிள்ள சொன்னது. இத நான் எப்படி அழிப்பேன்?"

மைனி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வாத்தியார் பென்சிலை வாங்கிப் பையில் வைத்து, காகிதத்தை மடித்தார்.

ரயில் வந்தது. பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் வந்து நின்றார். "புத்தகம் தை மாசம் வந்துரும். அனுப்பி வைக்கட்டுமா, இல்ல நேர்லயே வந்து வாங்கிக்கிடுவியளா அம்மா?" என்று கேட்டார்.

"அனுப்பாதீங்க" என்றேன். "வான்னு ஒரு கார்டு எழுதிப் போடுங்கய்யா. வந்துருதேன்."